24 வருட ஓட்டம், முதல் அட்வென்ச்சர் வண்டி: பண்ணைக்காடு பக்கத்துக்கு எது சரிவரும்?

காப்பிக்காடு · சனி, இரவு 9.40

வணக்கம். எனக்கு 45 வயது. வீடு பண்ணைக்காட்டில். தாண்டிக்குடி போகும் வழியில் பிரிந்து 2 கிலோமீட்டர் உள்ளே போனால் எங்கள் தோட்டம், காப்பியும் மிளகும். அப்பாவின் டிவிஎஸ் 50-இல் பழகினேன். அப்புறம் பழைய ஆர்எக்ஸ் 100 ஒன்றை வாங்கி 9 வருடம் ஓட்டினேன். அதற்கடுத்து வலது காலில் கியர் போடும் பழைய புல்லட். இப்போது 150 சிசி பல்சர். வத்தலக்குண்டு இறக்கத்தில் எந்த வளைவுக்கு எந்த கியர் என்று யோசிக்கவே வேண்டாம், கால் தானாகப் போட்டுவிடும்.

இப்போது கரடுமுரடான பாதைக்கும் ஆகிற அட்வென்ச்சர் வண்டி ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். முக்கியக் காரணம் அந்த 2 கிலோமீட்டர். மேலே செம்மண், நடுவில் மழைநீர் அறுத்த பள்ளம், கடைசியில் உருளும் கற்கள். ஐப்பசி, கார்த்திகையில் சில்வர் ஓக் இலை நனைந்து கிடந்தால் சோப்புத் தண்ணீர் கொட்டினது போலிருக்கும். பல்சரின் அடிப்பகுதி கல்லில் இடித்து இடித்து சைலன்சர் குழாய் இரண்டு முறை நசுங்கிவிட்டது. இது போக மாதம் இரண்டு தடவை மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு கொடைக்கானல் போவேன். வருடத்துக்கு ஒருமுறை காரமடை வழியாக மஞ்சூர் ஏறி ஊட்டி போய் வர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

உயரம் 5 அடி 6 அங்குலம். கையில் 3 லட்சம் வரை இருக்கிறது. பார்த்து வைத்திருப்பவை ஹிமாலயன் 450, கேடிஎம் 390 அட்வென்ச்சர், வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ், எக்ஸ்பல்ஸ் 210. யாராவது பழைய ஹிமாலயன் 411 கொடுத்தாலும் சரி. வண்டி ஓட்டுவதில் புதியவன் இல்லை, இந்த வகை வண்டிதான் புதிது. ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.


நாலுவழிச்சாலை · சனி, இரவு 10.15

அண்ணே, 24 வருடம் ஓட்டியவர் 200 சிசியோடு நின்றுவிடாதீர்கள். ஆறு மாதத்தில் போதவில்லை என்று விற்பீர்கள். ஹிமாலயன் 450 எடுங்கள். 452 சிசி, 40 பிஎஸ் சக்தி, 40 நியூட்டன் மீட்டர் இழுவை, 17 லிட்டர் டேங்க். பின்னால் ஆள், பெட்டி எல்லாம் வைத்தாலும் பழனி மலையை ஏறிவிடும். திண்டுக்கல்லிலிருந்து கோவை போகும்போது 100-இல் அசையாமல் நிற்கும். அதையே 210-இல் போனால் பேருந்துகளுக்கு வழிவிட்டே நாள் போய்விடும்.


மஞ்சூர் மூடுபனி · ஞாயிறு, காலை 6.20

காப்பிக்காடு தம்பி, எங்கள் ஊர்ப் பக்கம் வர ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். காரமடையிலிருந்து கெத்தை வழியாக ஏறினால் 43 கொண்டை ஊசி வளைவு. அந்தத் தார்ச்சாலையை உங்கள் பல்சரே ஏறிவிடும், அதை வைத்து வண்டியைத் தேர்வு செய்ய வேண்டாம். தேர்வு செய்யவேண்டியது அந்த 2 கிலோமீட்டரை வைத்து.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முப்பது வருடம் மலையில் ஓட்டிய பிறகு பெரிய வண்டி ஒன்று வாங்கினேன். எந்த வண்டி என்பது முக்கியமில்லை. எடை 200 கிலோவுக்கு மேல். வாங்கிய மூன்றாவது வாரம், குந்தா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதை. மூடுபனி. வேகம் நடக்கிற வேகம்தான். எதிரே மாடு வந்தது, நிறுத்தினேன். இடது காலை ஊன்றினேன். அந்தப் பக்கம் தரை இல்லை, சரிவு. கால் தரையைத் தொடுவதற்குள் வண்டி சாய்ந்துவிட்டது. சாய ஆரம்பித்த 200 கிலோவை ஒரு காலால் நிறுத்த யாராலும் முடியாது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் தூக்க முடியவில்லை. பச்சைத் தேயிலை ஏற்ற வந்த வண்டி ஆட்கள் வரும்வரை 40 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஷோரூம் தரை சமதளம். அங்கே 830 மில்லிமீட்டர் சீட்டில் இரண்டு காலும் முக்கால்வாசி எட்டும், திருப்தியாக வந்துவிடுவோம். மலைப்பாதையில் நாம் நிற்பது எப்போதும் ஒரு பக்கம் தாழ்ந்த இடம். கால் ஊன்றும் பக்கம் நாலு அங்குலம் பள்ளம் என்றால் அது 830 அல்ல, 930. மோசமான இடத்தில், தனியாக, விழுந்த வண்டியை நிமிர்த்த முடியுமா? அந்த வண்டியை அந்தப் பாதையிலேயே திருப்பிக்கொண்டு வர முடியுமா? எனக்கு இந்த இரண்டும்தான் முதல் கேள்வி. பிஎஸ் எல்லாம் அப்புறம்.


காப்பிக்காடு · ஞாயிறு, காலை 8.05

ஐயா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் இந்த 24 வருடத்தில் நான் மூன்று முறைதான் விழுந்திருக்கிறேன், அதில் ஒன்று நாய் குறுக்கே வந்தது. தோட்டத்துப் பாதையும் கண்ணை மூடிக்கொண்டு போகும் அளவுக்குப் பழக்கம். விழுவதை வைத்து வண்டி வாங்கவேண்டுமா?


கோத்தகிரிக்காரி · ஞாயிறு, காலை 11.30

அண்ணா, வேண்டும். அந்த மூன்று முறையும் நீங்கள் விழுந்தது இரண்டு காலும் முழுசாக எட்டிய வண்டியில். எத்தனை தடவை விழப்போய்க் காலை ஊன்றித் தப்பித்தீர்கள் என்பதை யாரும் எண்ணி வைப்பதில்லை. உயரமான வண்டியில் அந்தத் தப்பித்தலெல்லாம் விழுதலாக மாறும். முதல் வருடம் எனக்கு அப்படித்தான் ஆனது.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். ஐந்து வருடமாக ஹிமாலயன் 411 ஓட்டுகிறேன். சீட் 800 மில்லிமீட்டர். இந்த வகை வண்டிகளில் இதைவிடத் தாழ்வாகக் கிடைப்பது அபூர்வம், அதனால்தான் வாங்கினேன். எனக்கு இரண்டு காலும் சேர்ந்து எட்டாது. நிறுத்தும்போது சீட்டிலிருந்து ஒரு பக்கமாக நகர்ந்து ஒரு காலை மட்டும் முழுப்பாதமாக ஊன்றுவேன். எந்தக் கால் என்பதை நிற்பதற்கு முன்பே தரையைப் பார்த்து முடிவு செய்துவிடவேண்டும். மேடான பக்கம், எப்போதும் மேடான பக்கம். இது பழகினால் மஞ்சூர் ஐயா சொன்ன விபத்து பாதிக்குப் பாதி வராது. உயரத்தைக் குறைக்கிறேன் என்று பின் சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றிக்கொடுப்பார்கள், செய்யாதீர்கள். சீட் இறங்கும் அளவுக்குத் தரை இடைவெளியும் போய்விடும். நீங்கள் வண்டி மாற்றுவதே அடி இடிக்கிறது என்பதற்காகத்தானே.

இன்னொன்று மனம் விட்டுச் சொல்கிறேன். எனக்கு முதல் ஆறு மாதம் எதிரி என் அனுபவம்தான். தார்ச்சாலையில் 15 வருடம் பழகிய கை, ஆபத்து என்றவுடன் முன் பிரேக்கைப் பிடிக்கும். உதிரி ஜல்லியில், இறக்கத்தில், ஹாண்டில் திரும்பியிருக்கும்போது அதைச் செய்தால் முன் சக்கரம் ஓடிவிடும். பயத்தில் உடம்பு விறைக்கும், பார்வை முன் சக்கரத்துக்கே போகும். இவை எல்லாவற்றையும் மறக்கவேண்டும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்த்தி, வண்டி அடியில் ஆடிக்கொண்டே போக விடவேண்டும். முதல் தடவை எழுந்து நிற்கும்போது தப்பு செய்வது போலவே இருக்கும். நீங்கள் வலது கால் கியரிலிருந்து இடது காலுக்கு மாறியவர். அந்த முதல் மாதம் பிரேக் என்று நினைத்து எத்தனை தடவை கியரை மிதித்திருப்பீர்கள்? அதே போல்தான் இதுவும். தெரியாதவன் கற்பதைவிடத் தெரிந்தவன் மாற்றிக் கற்பது கஷ்டம், ஆனால் வந்துவிடும்.


காப்பிக்காடு · ஞாயிறு, பகல் 12.10

வலது கால் கியர் உதாரணம் நெஞ்சில் இறங்கிவிட்டது. பெருமாள்மலை வளைவில் பிரேக் என்று நினைத்து கியரைப் போட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தங்கச்சி, விழுந்த வண்டியைத் தூக்குவதற்கு முறை ஏதும் உண்டா? அதையும் எழுதுங்கள்.


கோத்தகிரிக்காரி · ஞாயிறு, மாலை 4.45

உண்டு, கட்டாயம் பழகுங்கள். முதலில் எஞ்சினை அணைத்து முதல் கியரில் போடுங்கள், அப்போதுதான் உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை இறக்கி வைத்துவிடுங்கள். ஹாண்டிலைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்புங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பைக் கொடுத்து, குத்தவைத்தது போல் இறங்குங்கள். ஒரு கையில் ஹாண்டில் பிடி, மறு கையில் பின்பக்கக் கம்பி. முதுகை வளைக்காமல் காலால் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடந்தால் வண்டி எழும்.

சரிவில் டேங்க் பள்ளத்துப் பக்கமும் சக்கரம் மேட்டுப் பக்கமுமாக விழுந்தால் அப்படியே தூக்க முயற்சி செய்யவே கூடாது. பின் சக்கரத்தையோ முன் சக்கரத்தையோ பிடித்துத் தரையில் இழுத்து, சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரும்படி சுற்றிவிட்டு அப்புறம் தூக்குங்கள். பாதி வேலையைச் சரிவே செய்துவிடும். நிமிரும்போது அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஸ்பேனர் ஒட்டன்சத்திரம் · ஞாயிறு, இரவு 8.20

நான் மெக்கானிக். கே.சி.பட்டி, பாச்சலூர்ப் பக்கத்து வண்டிகள் நிறைய என்னிடம் வருகின்றன. ஓட்டுவது பற்றி மேலே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் இரும்பைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று, உயரம். கடல் மட்டத்திலிருந்து கொடைக்கானல் 2,100 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜன் குறைந்தால் சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டி காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும், பழைய கார்புரேட்டர் போல் புகை தள்ளாது. ஆனால் இல்லாத காற்றை அதனாலும் உண்டாக்க முடியாது. எக்ஸ்பல்ஸ் 210-இன் 24.6 பிஎஸ், மேலே போனால் 20 பிஎஸ் வண்டி. ஹிமாலயன் 450 மேலே 32. இரண்டு பேர் ஏறும்போது இது தெரியும். அதனால் நாலுவழிச்சாலை சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

பிஎஸ்ஸை மட்டும் பார்க்காமல் இழுவை எஞ்சினின் எத்தனை சுற்றில் (நிமிடத்துக்கு) வருகிறது என்றும் பாருங்கள். பழைய 411-இல் 32 நியூட்டன் மீட்டர் 4,000, 4,500 சுற்றிலேயே வந்துவிடும். டிராக்டர் மாதிரி. 390 அட்வென்ச்சரின் முதல் தலைமுறையில் 37, ஆனால் 7,000 சுற்றில். 210-லும் வி-ஸ்ட்ராமிலும் உச்ச இழுவை 7,000 தாண்டித்தான். தோட்டத்துப் பாதையில் நடை வேகத்தில் போகும்போது இவற்றில் பாதி கிளட்ச் பிடித்துப் பழகவேண்டும். கிளட்ச் தட்டு சீக்கிரம் தேயும், அது செலவுக் கணக்கில் வரும்.

சக்கரத்துக்கு வருகிறேன். முன் சக்கரம் 21 அங்குலம் என்றால் கல்லையும் பள்ளத்தையும் உருண்டு தாண்டும், 19 அங்குலம் என்றால் தார்ச்சாலை வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பும். ஹிமாலயன் இரண்டும், எக்ஸ்பல்ஸும் 21. வி-ஸ்ட்ராம் 19, அலாய் வீல், டியூப்லெஸ். அலாய் வீலில் பஞ்சர் என்றால் ரப்பர் திரி குத்திவிட்டுக் கிளம்பிவிடலாம். ஆனால் கூரான கல்லில் வேகமாக இடித்தால் விளிம்பு விரிசல் விடும். ஸ்போக் வளையும், ஆனால் லேசில் உடையாது. அதில் டியூப் இருந்தால் சக்கரத்தைக் கழற்றித்தான் பஞ்சர் பார்க்கவேண்டும். 450-க்கு டியூப்லெஸ் ஸ்போக் தனியாகக் காசு கொடுத்தால் கிடைக்கிறது. கற்களில் தினமும் போகிறவர் ஸ்போக் எடுத்து, டியூப் மாற்றப் பழகிக்கொள்வது நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வாருங்கள், நானே பழக்கிவிடுகிறேன்.

ஏபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. உதிரி மண் இறக்கத்தில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால் முன்னால் மண்ணைக் குவித்து நிறுத்தும். ஏபிஎஸ் அதைப் பூட்ட விடாது, வண்டி போய்க்கொண்டே இருக்கும். அதனால் பின் ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி உங்களுக்கு அவசியம். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் அது கிடையாது. மற்றபடி அது 167 கிலோ எடையில் நல்ல ஊர்சுற்றும் வண்டி.

விலையையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு மேல் 40. உங்கள் பட்டியலில் 450-யும் 390-யும் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. பழைய 411 பார்ப்பதாக இருந்தால் ஹாண்டில் கோன் செட்டைத் திருப்பிப் பாருங்கள், நடுவில் சிக்கினால் பேரிங் போயிருக்கிறது. ஃபோர்க் ஆயில் கசிவு, ஸ்போக் தளர்வு, அடித்தட்டுக்கு மேலே எஞ்சினில் அடி, இவ்வளவும் பாருங்கள்.


பூம்பாறைப் பூண்டு · திங்கள், காலை 7.00

நீங்கள் இப்போதைக்குப் பல்சருக்கே கொஞ்சம் முரட்டு டயரும் அடியில் ஒரு தகடும் போட்டால் ஒரு வருடம் ஓட்டலாம். யோசியுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், உங்களுக்கு மட்டுமல்ல, இங்கே படிக்கும் எல்லோருக்கும். இந்த வண்டி வாங்கியவர்கள் பலர் மன்னவனூர், கிளாவரைப் பக்கம் வந்து புல்வெளியிலும் காட்டுக்குள்ளும் இறக்குகிறார்கள். 2013-லிருந்து இந்தக் காடு வனவிலங்கு சரணாலயம். ஒரு டயர்த் தடம் பதிந்தால் அடுத்த மழையில் அது ஓடையாகிவிடும். உங்களுக்குச் சொந்தமாக 2 கிலோமீட்டர் கரடு இருக்கிறது, பாக்கியம். அங்கே ஓட்டுங்கள்.


நாலுவழிச்சாலை · திங்கள், இரவு 9.10

எடை பற்றி மஞ்சூர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். நான் ஓட்டுவது பெரும்பாலும் தார்ச்சாலை, அந்தக் கண்ணால்தான் சொன்னேன். ஆனாலும் மனைவியை வைத்துக்கொண்டு கொடைக்கானல் ஏறுவதை லேசாக எடுக்காதீர்கள். என்னிடம் 450 இருக்கிறது. அண்ணன் சரி என்றால் சனிக்கிழமை கொண்டு வருகிறேன், அந்தப் பாதையில் ஓட்டிப் பாருங்கள்.


காப்பிக்காடு · ஞாயிறு, இரவு 9.30

நேற்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நாலுவழிச்சாலை தம்பி 450-ஐக் கொண்டு வந்தார். பட்டிவீரன்பட்டியில் இருக்கும் உறவுக்காரப் பையன் தன் எக்ஸ்பல்ஸ் 210-ஐக் கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை இரவு மழை, அதனால் பாதை நமக்கு வேண்டிய நிலையில் இருந்தது.

முதலில் 450. ஏற்றத்தில் சும்மா நடந்து ஏறுகிறது. பள்ளம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. எழுந்து நின்று ஓட்டிப் பார்த்தேன், தங்கச்சி சொன்னது போலவே தப்பு செய்வது போல் இருந்தது, ஆனால் முன் சக்கரம் கல்லில் ஆடும்போது கைக்கு எதுவும் வரவில்லை. தோட்டத்து வாசலுக்கு 200 மீட்டர் முன்பு ஒரு குறுகிய வளைவு இருக்கிறது. அங்கே நிறுத்தித் திருப்பச் சொன்னேன், எனக்கு நானே. ஐந்து முறை முன்னும் பின்னும் தள்ளியும் ஒரு பக்கம் கால் எட்டாமல் தம்பி வந்து பிடித்துக்கொண்டார்.

அப்புறம் அவர் அனுமதியோடு, கீழே பழைய சாக்குகளை விரித்து, வண்டியை மெதுவாகப் படுக்க வைத்தோம். சமதளத்தில் முதல் முயற்சியிலேயே தூக்கினேன். சரிவில் இரண்டு முறை முடியவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு மூன்றாவது முறை தூக்கினேன், ஆனால் அதற்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்துதான் எழுந்தேன். வண்டி 196 கிலோ. மழையில், இருட்டும் நேரத்தில், யானை இறங்கும் மாதங்களில், அதே இடத்தில் தனியாக? என்னால் முடியாது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது.

210-ஐ அதே இடத்தில் படுக்க வைத்துத் தூக்கினேன். 168 கிலோ. இந்த 28 கிலோ காகிதத்தில் ஒன்றுமில்லை, சரிவில் அது வேறு உலகம். திருப்புவதற்கும் மூன்று தள்ளலில் முடிந்தது. சீட் 830, எனக்கு நுனிக்காலும் கொஞ்சமும் எட்டுகிறது. மேடான பக்கம் காலை ஊன்றப் பழகினால் போதும். ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி சுற்றைக் கீழே விட்டால் திணறுகிறது, பாதி கிளட்ச் வேண்டியிருக்கிறது.

மாலையில் மனைவியை ஏற்றிக்கொண்டு பெருமாள்மலை வரை 210-இல் போனேன். ஏறியது, ஆனால் இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே. அவளுக்கு முழங்கால் வலி வேறு, அவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்கிப் போடுவது சிரமமாக இருந்தது. எந்த வண்டி வாங்கினாலும் இது இருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளே சொன்னாள். "கொடைக்கானலுக்கு நான் பஸ்ஸுலயே வந்துக்கிறேன். தோட்டத்துக்கு எது ஆகுமோ அதை வாங்குங்க." இத்தனை நாள் நான் அவளிடம் கேட்கவே இல்லை.

210-தான் வாங்குகிறேன். மிச்சமாகும் பணத்தில் ஹாண்ட் கார்டு, அடித்தகடு, நல்ல பூட்ஸ், முழங்கால் கவசம். ஒட்டன்சத்திரம் அண்ணா, டியூப் மாற்றப் பழக அடுத்த ஞாயிறு வரலாமா?


ஸ்பேனர் ஒட்டன்சத்திரம் · ஞாயிறு, இரவு 9.50

வாருங்கள். காலையிலேயே வாருங்கள், பின் சக்கரம் கழற்ற நேரம் எடுக்கும். டயர் லீவர் இரண்டு போதாது, மூன்று வாங்கிக்கொள்ளுங்கள். 21-க்கும் 18-க்கும் தனித்தனி டியூப் ஒவ்வொன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.


கோத்தகிரிக்காரி · ஞாயிறு, இரவு 10.05

பூட்ஸ் வாங்கும்போது அதையே போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து பாருங்கள் அண்ணா. அடிப்பாகம் தடிமனாக இருந்தால் கால் அரை அங்குலம் கூடுதலாக எட்டும். ஆனால் கணுக்கால் விறைப்பாக இருப்பதால் கியர் லீவர் முதலில் காலுக்குப் படாது. லீவரை ஒரு பல் மேலே ஏற்றி வையுங்கள்.


மஞ்சூர் மூடுபனி · திங்கள், காலை 6.00

நல்லது தம்பி. முதல் மாதம் தோட்டத்துப் பாதையில் மட்டும் ஓட்டுங்கள், காலையில், ஈரம் காய்ந்த பிறகு. மாசி, பங்குனியில் இங்கே வாருங்கள், பனியும் குறைந்திருக்கும், மழையும் இருக்காது. காரமடையிலிருந்து விடிந்த பிறகு கிளம்புங்கள், கெத்தை வரை யானை நிற்கும். மேலே வந்ததும் சொல்லுங்கள், நான் மஞ்சூர் கடைவீதியில் காத்திருக்கிறேன்.